டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி: குடிநோய்ப் பிரிவு நடத்தும் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கும் குடிநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவருக்கும்,

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், குடியை விட நினைப்பவர்களின் எங்கள் ஆதரவுக் குழு கூடும் அந்தச் சின்ன அறைக்கு வழக்கம்போலப் போனேன். பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், நாங்கள் வட்டமாகப் போட்டு உட்காரும் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரத்தில் அடுக்கியிருந்தன, மீதி இடம் முழுக்கப் பழைய கேஸ் ஃபைல்கள். கதவில் ஒட்டியிருந்த தாளில் இரண்டு முடிவுகள். இனி இங்கே வெளியார் கூட்டம் கிடையாது. நோயாளிகளின் அந்தரங்கம் கருதி, ஆதரவுக் குழுக்காரர்கள் வார்டுக்குள் வர அனுமதியும் கிடையாது. கடைசியில் ஒரு வரி: டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருக்கும் குழுக்களின் முகவரிப் பட்டியல் வழங்கப்படும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறை போனதில் வருத்தம் உண்டு, ஆனால் அறை வேறு எங்காவது கிடைத்துவிடும். ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைப்பதைத்தான் சும்மா விட முடியவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உங்கள் வாசலைத் தாண்டிப் போன ஆள் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் குழுவின் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் குழு சேர்ந்திருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸுக்கு (சுருக்கமாக ஏ.ஏ.) வெளி விவகாரங்களில் கருத்துக் கிடையாது, மரபுகள் என்று நாங்கள் சொல்லும் எங்கள் விதிகளில் அது பத்தாவது. பொதுவெளியில் பெயரைச் சொல்லக் கூடாது என்பது பதினொன்றாவது. எனவே இது தனி ஆளின் கடிதம், பெயரும் இருக்காது. என் கேஸ் ஃபைல் இப்போது அந்த அறையிலேயே கூட இருக்கலாம், வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

முதல் முறை உங்கள் வார்டில் 7 நாள் படுத்திருந்தேன். நல்ல சிகிச்சை, அதில் குறையே சொல்ல மாட்டேன். கிளம்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சீட்டில், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைக்குத் தேதி இருந்தது, நேரம் இருந்தது, எந்த அறை, எந்த டாக்டர் என்பதும் இருந்தது. முந்தின நாள் ஞாபகப்படுத்த போன்கூட வந்தது. அதே சீட்டின் அடியில், இடமில்லாமல் ஓரத்தில் சரிந்த கையெழுத்தில், 'ஆதரவுக் குழுவில் சேரவும்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு முகவரி. நாள் இல்லை, நேரம் இல்லை, யாரைப் பார்ப்பது என்றும் இல்லை.

போனேன், நம்புங்கள். வீட்டுக்கு வந்த நாலாவது நாள், குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு (எதற்கென்று தெரியவில்லை, ஏதோ வேலைக்கு இன்டர்வியூ போவது மாதிரி), அந்த முகவரிக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த காவலாளி, "அவங்களா, அவங்க காலி பண்ணிப் போய் ரொம்ப நாளாச்சே" என்றார். எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். இதைக் குடிக்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம், ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. முயற்சி செய்தாகிவிட்டது, கதவு பூட்டியிருந்தது, இனி யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. குடிகாரனுக்குப் பூட்டிய கதவு மாதிரி வசதியான சாக்கு வேறெதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்ப இரண்டு வழி உண்டு, நான் எந்த வழியில் போனேன் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த 11 மாதக் கதை வேண்டாம். கடைசியில், டாக்டர் யாரையும் கேட்காமல் நானே ஒரே நாளில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்து, மறுநாள் காலை குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கடைசிக் குடிக்கு அப்புறம் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் மாயக்காட்சியும் வரலாம், உயிருக்கே ஆபத்து என்று உங்கள் டாக்டர்தான் அப்புறம் விளக்கினார். எனக்கு மூன்றாவது ராத்திரி சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். உயிரைக் காப்பாற்றியது நீங்கள்தான், அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

ஐந்தாவது நாள் நடுக்கம் அடங்கியிருந்தது. அப்போது ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து, ஐம்பது வயசிருக்கும். "உட்காரலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். புத்திமதி ஏதாவது சொல்வார் என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கழிவறை ஃபிளஷ் டேங்குக்குள் பாட்டிலை ஒளித்துவைத்து, ஒரு நாள் அது மிதவையில் மாட்டி, தண்ணீர் நிற்காமல் ஓடி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து மூடியைத் திறந்து பார்த்த கதை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்ததோ. ஏனென்றால் என் பாட்டிலும் அங்கேதான் இருந்தது.

அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "டிஸ்சார்ஜ் எத்தனை மணிக்கு?" மறுநாள் வந்து, பில்லிங் வரிசையில் என் மனைவியோடு நின்று, அன்று சாயங்காலமே என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் உட்கார்ந்தது கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், ஓடுவதற்கு வசதியாக. யாரும் என் முகவரியைக் கேட்கவில்லை, என்ன வேலை என்று கேட்கவில்லை, பேசியே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது பேப்பர் கிடைக்காமல், என் பையிலிருந்த தயாமின் மாத்திரை டப்பாவின் மூடியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் ஐந்து பேரின் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். குடிக்கணும் போல இருந்தால் குடித்த பிறகு கூப்பிடாதே, குடிப்பதற்கு முன்னால் கூப்பிடு என்றார் என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த அண்ணன். அன்று ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். அந்த அட்டைத் துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. நான் குடியை விட்டு மூன்று வருஷம் நாலு மாதம் ஆகிறது.

இந்த இரண்டு டிஸ்சார்ஜுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? அதே வார்டு, அதே மாத்திரை, அதே நான். முதல் தடவை ஒரு முகவரி கிடைத்தது, இரண்டாவது தடவை ஒரு ஆள் கிடைத்தார். நீங்கள் இப்போது தடை போட்டிருப்பது அந்த ஆளுக்கு.

என் ஒருவனுடைய கதையை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். 1981-இல் சிஸன், மல்லம்ஸ் என்ற இருவர் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள். 20 பேர். பாதிப் பேருக்குக் குழுக்களைப் பற்றிய தகவலையும் கூட்டம் நடக்கும் இடம், நேரத்தையும் கொடுத்து, போங்கள் என்று சொன்னார்கள். மீதிப் பாதிக்கு, ஆலோசகர் தன் அறையிலிருந்தே ஒரு உறுப்பினருக்கு போன் போட்டுப் பேசவைத்து, அந்த உறுப்பினர் கூட்டத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டாவது பாதியில் எல்லோரும் போனார்கள். 20 பேர் என்பது குறைந்த எண்ணிக்கைதான், அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் உங்கள் பட்டியல் எந்தப் பாதியில் சேரும் என்று யோசியுங்கள்.

இந்தக் குழுக்களால் பலன் உண்டா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வில் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 10,565 பேர். ஏ.ஏ.-வோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை) போன்ற மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதுவும் கைகொடுக்கவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. நான் காட்ட வருவது 'இணைத்துவிடும் சிகிச்சை' என்ற வார்த்தையை. நோயாளியைக் கொண்டுபோய்க் குழுவில் சேர்ப்பது மருத்துவம் செய்கிறவர்களின் வேலையாக அங்கே இருந்தது.

இது புதுசும் இல்லை. 1935 ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில், குடியை விட்டுச் சில வாரமே ஆகியிருந்த டாக்டர் பாப், மருத்துவமனை நர்ஸுக்கு போன் போட்டு, "பேசிப் பார்க்க ஒரு குடிநோயாளி இருக்கிறாரா?" என்று கேட்டார். இருந்தார், ஒரு வக்கீல், நர்ஸுகளை அடித்துவிட்டதால் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள். பாபும், அவரோடு சேர்ந்து ஏ.ஏ.-வைத் தொடங்கிய பில்லும் போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். ஏ.ஏ.-வின் மூன்றாவது உறுப்பினர் அவர்தான். 1939-இல் அதே நகரத்தில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சிஸ்டர் இக்னேஷியா, குடிநோயாளி என்று எழுதினால் சேர்க்க விடமாட்டார்கள் என்பதால் இரைப்பை அழற்சி என்று எழுதி ஆளைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் பிறப்பே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில். எங்களை வெளியார் என்கிறீர்கள்.

அந்தரங்கம் என்ற காரணத்தைப் பற்றி. பெயரில்லாமல் இருப்பதையே பெயராக வைத்துக்கொண்ட கூட்டம் இது. ஒருவர் சொன்னதை இன்னொரு இடத்தில் சொல்லாமல் இருப்பதில்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஆனாலும் உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன், கேட்காமல் ஒருவரின் படுக்கைக்குப் போவது தப்பு. அதற்கு வழி, நர்ஸ் முதலில் நோயாளியிடம் கேட்பது. "இதே நிலைமையில் இருந்து மீண்ட ஒருத்தர் வந்து பேசலாமா?" வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். யாரையும் வரவிடக் கூடாது என்பதன் மூலம், வேண்டும் என்று சொல்லக்கூடியவருக்கும் சேர்த்து நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

அறை விஷயத்தில் ஒரு சின்ன ஆதங்கம். நாங்கள் அங்கே ஓசியில் உட்காரவில்லை. வெளியிலிருந்து நன்கொடை வாங்காமல் எங்கள் செலவை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏழாவது மரபு, அதனால் வாடகை வேண்டாம் என்று உங்கள் பழைய மேலாளர் சொன்னபோதும் மாதாமாதம் கொடுத்து ரசீது வாங்கினோம். ரசீதெல்லாம் இருக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். வார்டிலிருந்து போன வாரம் டிஸ்சார்ஜ் ஆன ஒருவரிடம் வாங்கிப் பார்த்தேன். மொத்தம் எட்டுப் பதிவு. எட்டையும் சோதித்தேன். இரண்டு நம்பர் உபயோகத்திலேயே இல்லை. ஒன்றை எடுத்தவர், தான் குழுவை விட்டு ஊர் மாறிப் பல வருஷம் ஆகிறது என்று மரியாதையாகச் சொன்னார். ஒரு முகவரிக்கு நேரில் போனேன், அங்கே இப்போது நடன வகுப்பு நடக்கிறது, நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் கூட்டத்தின் கிழமை மாறியிருந்தது. இன்னொன்று அல்-அனான், அதாவது குடிப்பவருக்கு இல்லை, அவர் குடும்பத்தாருக்கானது, அந்த விவரம் எங்கும் அச்சிடவில்லை. இரண்டே இரண்டு சரியாக இருந்தன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது, அதுவும் கை நடுங்காமல், வெட்கப்படாமல், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்ட எனக்கு. நேற்று டிஸ்சார்ஜ் ஆனவர் முதல் 'உபயோகத்தில் இல்லை'யோடு போனைக் கீழே வைத்துவிடுவார். வைத்துவிட்டு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லாவிட்டால் இது நேர்மையான கடிதமாக இருக்காது. கூட்டத்தில் சில மூத்தவர்கள், மாத்திரை எல்லாம் எதற்கு, மனசு வைத்தால் போதும் என்று புதியவர்களிடம் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். எந்த உறுப்பினரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ. வெளியீடே சொல்கிறது, இருந்தும் பேசுகிறார்கள். அது ஆபத்து, குளியலறைத் தரையில் கிடந்தவன் சொல்கிறேன். கடவுள், உயர்சக்தி என்ற பேச்சு பிடிக்காமல் இரண்டாம் வாரமே நின்றுபோனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு 1994 முதல் நடக்கும் ஸ்மார்ட் ரெகவரி மாதிரிக் குழுக்கள் இருக்கின்றன. ஆண்கள் நிறைந்த அறையில் வாயைத் திறக்க முடியாத பெண்களுக்காக விமன் ஃபார் சோப்ரைட்டி என்ற அமைப்பை ஜீன் கிர்க்பாட்ரிக் 1975-லேயே தொடங்கினார். இணைய வழிக் கூட்டங்களும் உண்டு. இவற்றில் ஒன்றுகூட உங்கள் தாளில் இல்லை. ஒருவருக்கு ஒரு குழு ஒத்துவராவிட்டால் குழுக்களே ஒத்துவராது என்று அர்த்தமில்லை என்பதையாவது யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் உள்ளே பிதற்றிக்கொண்டிருந்த ராத்திரி, என் மனைவி வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வந்து பேசியதும் ஒரு வெளியார்தான், அல்-அனானைச் சேர்ந்த ஒரு அம்மா. "இதை நீ உண்டாக்கலை, உன்னால கட்டுப்படுத்தவும் முடியாது" என்று அவர் சொன்னதை இவள் இன்றைக்கும் சொல்வாள். பில்லின் மனைவி லோயிஸ் 1951-இல் ஆரம்பித்துவைத்த அமைப்பு அது. உங்கள் தடை அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது கேட்கிறேன். வார்டுக்குள் வரும் தடையை நீக்குங்கள். நோயாளி சம்மதித்தால் மட்டும், நடுக்கம் அடங்கிய பிறகு, நீங்கள் சொல்லும் நேரத்தில், கையெழுத்துப் போட்டு, அடையாளச் சீட்டு மாட்டிக்கொண்டு வருகிறோம். என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று உங்கள் டாக்டர்கள் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் உட்காருகிறோம், மாத்திரை விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதை அதில் முதலில் சொல்லுங்கள். யாரும் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால், வார்டு போனிலிருந்தே ஒரு உறுப்பினரிடம் அவரைப் பேசவையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'சேரவும்' என்று எழுதாமல், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது போலவே கிழமை, நேரம், இடம், வாசலில் யார் நிற்பார் என்று எழுதுங்கள். முதல் வாரத்துக்குள், போனீர்களா என்று கேட்டு ஒரு போன் போடுங்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போடுகிறீர்களே, அதே ஆள் போட்டால் போதும். பட்டியலை மாதம் ஒரு முறை யாராவது போன் செய்து சரிபார்த்து, சரிபார்த்த தேதியைத் தாளின் தலையில் அச்சிடுங்கள். யாருக்கான குழு என்பதையும் போடுங்கள். நான் சரிபார்த்த எட்டின் விவரத்தை வரவேற்பு மேஜையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறையைத் திருப்பித் தர முடியாவிட்டால், வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்துக்கு வேறு ஒரு இடம் கொடுங்கள், வாடகைக்கு.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். ஆம் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி, காரணத்தோடு.

அதுவரைக்கும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆறு மணியிலிருந்து நாங்கள் இரண்டு பேர் உங்கள் பக்கவாட்டு கேட்டுக்கு வெளியே நிற்போம். சத்தம் போட மாட்டோம், அட்டை எதுவும் பிடிக்க மாட்டோம். கையில் பையோடு வெளியே வரும் யாராவது எங்களைத் தேடினால், எந்தப் பக்கம் என்று காட்டிவிடச் சொல்லி உங்கள் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் இரண்டு முறை படுத்தவன்